ரெட்யூஸ்: கையில் இருப்பதும் வந்து சேர்வதும்

வீட்டில் ஒரு வங்கிப் பாஸ்புக் இருந்தால் எடுத்து, ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். வலது ஓரத்தில் 'இருப்பு' என்று ஒரு நிரல் கீழ்நோக்கி ஓடும். அதில் எந்த எண்ணைத் தொட்டு 'இது எப்படி வந்தது?' என்று கேட்டாலும் பதில் ஒன்றுதான். மேல் வரியில் இருந்த இருப்பை எடுத்து, இந்த வரியின் வரவைக் கூட்டு, அல்லது பற்றைக் கழி. அதற்கு மேல் எந்த வரியையும் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை. பத்து ஆண்டுக் கணக்கும் அந்த ஓர் எண்ணுக்குள் அடங்கிக் கிடக்கிறது.

பக்கத்தின் தலையில் 5,000 ரூபாய் இருப்பு என்று வைத்துக்கொள்வோம். அடுத்து 12,000 வரவு, இருப்பு 17,000. பிறகு 3,500 பற்று, 13,500. பிறகு 800 பற்று, 12,700. கடைசியாக 250 வட்டி வரவு, 12,950. நான்கு வரிகள் நான்கு முறை கையைக் கடந்து போயின. மிஞ்சியது ஒரே எண்.

ரெட்யூஸ் என்ற கட்டளை செய்வது இதைத்தான், இதை மட்டும்தான். ஓர் அணியின் உறுப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து, ஏற்கெனவே கையில் இருப்பதோடு சேர்த்து, புதிதாகக் கையில் வைத்துக்கொள்ள வேண்டியது எது என்று உங்களைக் கேட்கும். நீங்கள் சொன்ன பதிலைக் கையில் எடுத்துக்கொண்டு அடுத்த உறுப்புக்குப் போகும். உறுப்புகள் தீர்ந்ததும் கையில் இருப்பதை உங்களிடம் கொடுத்துவிடும்.

இந்த நூலின் மற்ற அத்தியாயங்களைப் போலவே இங்கும் கட்டளைகளை ஜாவாஸ்கிரிப்ட் முறையில், தமிழ் எழுத்தில் எழுதுகிறேன். ரெட்யூஸ், ரிட்டர்ன், கான்ஸ்ட் போன்ற மொழியின் சொந்தச் சொற்களைக் கணினியில் தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்ட வேண்டும். மாறிகளின் பெயர்களை மட்டும் இப்படியே தமிழில் விட்டுவிடலாம். ஜாவாஸ்கிரிப்ட், பைத்தான் 3 இரண்டுமே தமிழ்ப் பெயர்களை மறுக்காமல் ஏற்கும்.

கான்ஸ்ட் வரிகள் = [12000, -3500, -800, 250];

கான்ஸ்ட் இருப்பு = வரிகள்.ரெட்யூஸ்((கை, வரி) => கை + வரி, 5000);

இருப்பு என்ற மாறியில் இப்போது 12950 இருக்கும். ரெட்யூஸுக்கு நாம் கொடுத்தவை இரண்டு. முதலாவது ஒரு செயற்கூறு: 'கையில் இருப்பதும் வந்து சேர்வதும் இவை என்றால், புதுக் கை இது' என்று சொல்லும் விதி. இரண்டாவது 5000: எதுவுமே வந்து சேர்வதற்கு முன் கையில் இருந்தது. பாஸ்புக் மொழியில் சொன்னால் தொடக்க இருப்பு.

ஆங்கில நூல்கள் 'அக்யூமுலேட்டர்' என்று சொல்வதை நான் 'கை' என்று எழுதுகிறேன். வகுப்பில் 'திரட்டி' என்ற சொல்லையும் சொல்லிப் பார்த்திருக்கிறேன். 'கை' என்றதும்தான் மாணவர்களுக்கு உடனே பிடிபட்டது. 'கையில் இப்போது என்ன இருக்கிறது?' என்று கேட்டால் யாரும் விழிப்பதில்லை. ஆனால் பிறர் படிக்கப்போகும் நிரலில் அதற்குப் பொருளுள்ள பெயராக வையுங்கள்: மொத்தம், எழுத்துகள், தலைப்புவாரி.

பெயரைப் பற்றி ஒரு சொல். 'ரெட்யூஸ் என்றால் குறைப்பதுதானே, இங்கே எது குறைகிறது?' என்ற கேள்வி ஒவ்வோர் ஆண்டும் வரும். பல மதிப்புகள் ஒன்றாகின்றன, எண்ணிக்கை குறைகிறது. அந்த ஒன்று சிறியதாக இருக்க வேண்டும் என்பதில்லை. அது ஒரு முழுப் பட்டியலாகவும் இருக்கலாம். கென்னத் ஐவர்சன் 1962இல் வெளியிட்ட 'ஏ புரோகிராமிங் லாங்குவேஜ்' என்ற நூலில் இதை ஒரு குறியீடாகவே வைத்திருந்தார். கூட்டல் குறியை அடுத்து ஒரு சாய்கோடு போட்டால் வரிசை முழுவதும் கூட்டப்பட்டுவிடும். அந்த நூலின் பெயரிலிருந்து பிறந்ததுதான் ஏபிஎல் மொழி. ஹாஸ்கெல் இதை 'ஃபோல்ட்', அதாவது மடிப்பு, என்கிறது. சி ஷார்ப்பில் 'அக்ரிகேட்', ரூபியில் 'இன்ஜெக்ட்'. ஜாவாஸ்கிரிப்ட்டின் தர வரையறைக்குள் ரெட்யூஸ் வந்து சேர்ந்தது 2009 டிசம்பரில், ஐந்தாம் பதிப்பில்.

தொடக்க மதிப்பை முதலில் எழுதுங்கள்

இந்த அத்தியாயத்தில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னால் இதைத்தான் சொல்வேன். ரெட்யூஸ் எழுத உட்காரும் பெரும்பாலானோர் செயற்கூற்றிலிருந்து தொடங்குகிறார்கள். உள்ளே என்ன நடக்க வேண்டும் என்று யோசித்து யோசித்து எழுதிவிட்டு, கடைசியில் காற்புள்ளி போட்டு ஒரு பூஜ்யத்தை ஒட்டுகிறார்கள், சில சமயம் அதையும் மறந்துவிடுகிறார்கள். நான் தலைகீழாகச் செய்யச் சொல்கிறேன். கடைசியில் நிற்கும் தொடக்க மதிப்பை முதலில் எழுதுங்கள். அதை எழுதிய கணமே விடை எண்ணா, சரமா, பட்டியலா, ஆப்ஜெக்டா என்பது முடிவாகிவிடும். பிறகு செயற்கூற்றின் வேலை மிகச் சுருங்கிவிடும்: அதே வகையில் ஒன்றை வாங்கு, அதே வகையில் ஒன்றைக் கொடு.

கூட்டலுக்குத் தொடக்கம் 0. ஏன்? எதோடு கூட்டினாலும் அதை மாற்றாத எண் அது. பெருக்கலுக்கு அதே காரணத்தால் 1. பெருக்கலை 0இல் தொடங்கினால் எத்தனை உறுப்புகள் வந்தாலும் விடை 0தான். இந்தப் பிழையைக் கண்டுபிடிப்பது எளிது, ஏனென்றால் அது எப்போதும் தவறும். எப்போதாவது மட்டும் தவறும் பிழைதான் கொடியது. மிகப் பெரிய எண்ணைத் தேடும்போது கையில் 0 வைத்துத் தொடங்குவது அப்படிப்பட்டது. மதுரையின் மே மாத வெப்பநிலைகளைக் கொடுத்தால் சரியாக வேலை செய்யும். லடாக்கின் திராஸில் ஜனவரி இரவுகளுக்கு -12, -7, -15 என்று கொடுத்துப் பாருங்கள். பட்டியலிலேயே இல்லாத 0 விடையாக வந்து நிற்கும். அங்கே தொடக்கம் எதிர்ம முடிவிலியாக இருக்க வேண்டும். ஜாவாஸ்கிரிப்ட்டில் அதற்கென ஒரு மதிப்பே உண்டு. எந்த எண் வந்தாலும் அதைவிடப் பெரிதாகத்தான் இருக்கும் என்பதால் முதல் உறுப்பே கையைப் பிடித்துக்கொள்ளும்.

'எல்லாரும் தேர்ச்சியா?' என்ற கேள்விக்குத் தொடக்கம் உண்மை. 'யாராவது தேர்ச்சியா?' என்பதற்குப் பொய். சற்று நின்று இதன் நியாயத்தை யோசித்துப் பாருங்கள். எல்லாரும் தேர்ச்சி என்று நம்பித்தான் தொடங்குகிறோம். தோற்ற ஒருவர் வந்ததும் அந்த நம்பிக்கை உடைகிறது, பிறகு அது ஒட்டுவதில்லை.

தொடக்க மதிப்பைக் கொடுக்காமலும் ரெட்யூஸை அழைக்கலாம். அப்போது முதல் உறுப்பே கையாகிவிடும், வேலை இரண்டாவது உறுப்பிலிருந்து தொடங்கும். எண்களைக் கூட்டும்போது இதனால் வேறுபாடு தெரியாது. அதனால்தான் பழக்கமாகிவிடுகிறது, பழக்கமானபின் இரண்டு இடங்களில் காலை வாரும்.

முதல் இடம், ஆப்ஜெக்ட்களின் அணி. தொகை 120 கொண்ட ஒரு வரி, தொகை 64 கொண்ட இன்னொரு வரி. 'கை + வரி.தொகை' என்று எழுதித் தொடக்கத்தைக் கொடுக்காமல் விட்டால், முதல் வரி முழு ஆப்ஜெக்டாகவே கைக்குள் போய்விடும். அதோடு 64ஐக் கூட்டச் சொன்னால் ஜாவாஸ்கிரிப்ட் இரண்டையும் சரமாக்கி ஒட்டும். 184 வர வேண்டிய இடத்தில் '[ஆப்ஜெக்ட் ஆப்ஜெக்ட்]64' என்று வரும்.

இரண்டாவது இடம், வெற்று அணி. நான் இதை நேரில் பட்டேன். ஒரு கடைக்காக எழுதிய இணையப் பக்கத்தில், கூடையில் இருக்கும் பொருள்களின் மொத்த விலையைத் தொடக்க மதிப்பு இல்லாமல் கணக்கிட்டிருந்தேன். சோதித்தபோதெல்லாம் கூடையில் மூன்று நான்கு பொருள்களைப் போட்டே சோதித்தேன். பக்கம் வெளியான அன்று, இன்னும் எதுவும் வாங்காத புது வாடிக்கையாளர்கள் அத்தனை பேருக்கும் அது திறக்கவே இல்லை. உறுப்பும் இல்லை, தொடக்கமும் இல்லை என்றால் ரெட்யூஸுக்குக் கையில் வைக்க எதுவும் கிடையாது. அது பிழை வீசி நின்றுவிடும். 0 என்ற ஒரே இலக்கத்தைச் சேர்த்ததும் சரியாயிற்று. அந்த நாளுக்குப் பிறகு தொடக்கம் இல்லாமல் நான் ரெட்யூஸ் எழுதியதில்லை. உங்களையும் அப்படியே இருக்கச் சொல்கிறேன்.

விகடகவியைத் திருப்பிப் படித்தல்

கூட்டல் கணக்கு கருவியைப் பழகுவதற்கு. அதன் உண்மையான பலத்தைக் காட்ட நமக்கு மிக அருகிலேயே ஒரு வேலை இருக்கிறது: தமிழ் எழுத்துகளை எண்ணுவது.

'விகடகவி' என்ற சொல்லை எந்தப் பக்கமிருந்து படித்தாலும் விகடகவிதான். சிறு பிள்ளைக்கும் இது தெரியும். ஆனால் சரத்தைத் தலைகீழாக்கி ஒப்பிடும் வழக்கமான நிரலிடம் கேட்டால் 'இல்லை' என்று சொல்லும். சொல்லின் நீளம் என்ன என்று கேட்டால் 7 என்று சொல்லும். நாம் எண்ணினால் 5.

காரணம், ஒருங்குறியில் 'வி' என்பது ஒரு குறி இல்லை. 'வ' ஒரு குறி, அதன் மேல் வரும் இகரக் கொக்கி தனியொரு குறி. கணினி வைத்திருப்பது வ, கொக்கி, க, ட, க, வ, கொக்கி என்ற ஏழு. தலைகீழாக்கினால் கொக்கி முதலில் வந்து அந்தரத்தில் நிற்கும். 'தமிழ்' என்ற சொல்லும் இப்படித்தான்: நமக்கு மூன்று எழுத்து, கணினிக்கு ஐந்து குறி. குறுக்கெழுத்துப் புதிர், சொல் விளையாட்டு, யாப்பிலக்கணச் செயலி என்று தமிழில் எதைச் செய்யப் போனாலும் இந்தச் சுவரில்தான் முதலில் முட்டிக்கொள்வீர்கள்.

ஒவ்வோர் உறுப்பையும் தனித்தனியாக மாற்றித் தரும் மேப்பால் இதைத் தீர்க்க முடியாது. ஏழு உள்ளே போனால் ஏழு வெளியே வரும். ஃபில்டராலும் முடியாது; அது சிலவற்றைத் தள்ளும், ஒட்டாது. நமக்கு வேண்டியது, வந்து சேரும் குறியைப் பார்த்து, 'நீ தனி எழுத்தா, அல்லது ஏற்கெனவே கையில் இருக்கும் கடைசி எழுத்தோடு ஒட்ட வேண்டியவனா?' என்று கேட்கத் தெரிந்த ஒன்று. அதாவது, கையைப் பார்க்கத் தெரிந்த ஒன்று.

முதலில் தொடக்க மதிப்பு. விடை எழுத்துகளின் பட்டியல். எனவே தொடக்கம் வெற்றுப் பட்டியல். இப்போது விதி: வந்தது ஒட்டுக்குறி என்றால் கையின் கடைசி உறுப்போடு ஒட்டு, இல்லையென்றால் கையின் முடிவில் புதிதாகச் சேர்.

கான்ஸ்ட் எழுத்துகள் = [...சொல்].ரெட்யூஸ்((கை, குறி) => {
  இஃப் (ஒட்டுக்குறிகள்.இன்க்ளூட்ஸ்(குறி) && கை.லெங்த் > 0) {
    கை[கை.லெங்த் - 1] += குறி;
  } எல்ஸ் {
    கை.புஷ்(குறி);
  }
  ரிட்டர்ன் கை;
}, []);

முதல் வரியில் சொல்லின் முன் இருக்கும் மூன்று புள்ளிகள், சரத்தைக் குறி குறியாகப் பிரித்து அணியாக்குகின்றன. 'ஒட்டுக்குறிகள்' என்பது நீங்களே எழுதி வைக்க வேண்டிய சிறு பட்டியல்: ஆகாரக் கால் முதல் ஔகாரக் குறி வரை உயிர்க்குறிகள் 11, அவற்றோடு மெய்யின் புள்ளி, ஆக 12. பதின்மூன்றாவதாக ஔகார நீட்டக் குறியையும் சேர்த்துவிடுங்கள். அது பார்க்க 'ள' போலவே இருக்கும், ஆனால் வேறு குறி. சில பழைய கோப்புகளில் ஔகாரம் இரண்டு துண்டாகப் பிரிந்து வரும்போது இது தலைகாட்டும். அப்படிப் பிரிந்து வந்தாலும் நம் விதி கலங்காது என்பதைக் கவனியுங்கள். 'கொ' என்பது ஒற்றைக் கொம்பும் காலுமாக இரண்டு குறிகளாக வந்தால், முதலில் கொம்பு ஒட்டும், பிறகு கால் அதே எழுத்தில் ஒட்டும்.

விகடகவி உள்ளே போகும்போது கை எப்படி வளர்கிறது என்று பார்ப்போம்.

வந்தது வ, கையில் [வ]
வந்தது கொக்கி, கையில் [வி]
வந்தது க, கையில் [வி, க]
வந்தது ட, கையில் [வி, க, ட]
வந்தது க, கையில் [வி, க, ட, க]
வந்தது வ, கையில் [வி, க, ட, க, வ]
வந்தது கொக்கி, கையில் [வி, க, ட, க, வி]

ஏழு வந்து ஐந்தாக நின்றது. இந்த ஐந்தைத் தலைகீழாக்கி ஒப்பிடுங்கள்; நிரலும் 'ஆம், ஒன்றுதான்' என்று சொல்லும். முதன்முறை திரையில் அதைப் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி இன்னும் மறக்கவில்லை. என் மொழியைக் கணினி நான் எண்ணுவது போலவே எண்ணியது.

ஒரு எச்சரிக்கை. 'ஸ்ரீ', 'க்ஷ' இரண்டையும் இந்த விதி ஸ், ரீ என்றும் க், ஷ என்றும் பிரித்துத்தான் கொடுக்கும். அவற்றை ஓர் எழுத்தாகக் கொள்வதா இரண்டாகக் கொள்வதா என்பது உங்கள் செயலியின் தேவையைப் பொறுத்தது. அதை நிரல் தீர்மானிக்க முடியாது. பெரிய பணிக்கு இதையெல்லாம் கையால் எழுத வேண்டிய அவசியமும் இல்லை. பைத்தானில் முத்து அண்ணாமலை முதலானோர் உருவாக்கிய 'ஓபன் தமிழ்' நூலகம் சொல்லை எழுத்துகளாகப் பிரித்துக் கொடுக்கிறது. எழுத்துகளைப் பிரிக்கும் வசதி இன்றைய உலாவிகளுக்குள்ளேயும் வந்துவிட்டது. ஆனாலும் ஒருமுறை கையால் எழுதிப் பாருங்கள். ரெட்யூஸ் என்றால் என்ன என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்லும் பயிற்சியை நான் இன்னும் காணவில்லை.

தலைப்புவாரிச் செலவு

அலுவலக நிரல்களில் மிக அதிகமாகக் கண்ணில் படுவது இந்த வகை. மாதச் செலவுப் பட்டியல்: காய்கறி 120, பால் 64, காய்கறி 85, பெட்ரோல் 300, பால் 32. ஒவ்வொரு தலைப்புக்கும் எவ்வளவு?

தொடக்கம் ஒரு வெற்று ஆப்ஜெக்ட்.

கான்ஸ்ட் தலைப்புவாரி = செலவுகள்.ரெட்யூஸ்((கை, வரி) => {
  கை[வரி.தலைப்பு] = (கை[வரி.தலைப்பு] || 0) + வரி.தொகை;
  ரிட்டர்ன் கை;
}, {});

காய்கறி 205, பால் 96, பெட்ரோல் 300. நடுவில் இருக்கும் 'அல்லது 0' என்ற பகுதியை மட்டும் கவனித்தால் போதும்: ஒரு தலைப்பு முதன்முறை வரும்போது கையில் அதற்கு எதுவும் இருக்காது, அப்போது 0இலிருந்து தொடங்கு என்கிறது. ஒவ்வொரு தலைப்புக்குள்ளும் ஒரு குட்டித் தொடக்க மதிப்பு.

வழக்கமாக விழும் குழிகள்

ரிட்டர்ன் மறப்பது. அம்புக்குறிக்குப் பின் நெளிவு அடைப்பு போட்டால், உள்ளே 'ரிட்டர்ன்' என்று வெளிப்படையாக எழுத வேண்டும். எழுதாவிட்டால் முதல் சுற்றிலேயே கை காலியாகிவிடும். எண் கணக்கில் விடை 'அன்டிஃபைன்ட்', அதாவது வரையறுக்கப்படாதது, என்று வரும். பட்டியல் கணக்கில் இரண்டாவது சுற்றில் பிழை வெடிக்கும். ரெட்யூஸ் தவறுகிறது என்று யார் என்னிடம் கொண்டுவந்தாலும் நான் முதலில் தேடுவது இந்த ஒரு சொல்லை. பாதிக்கு மேல் அங்கேயே முடிந்துவிடும்.

சரமாக வந்த எண்கள். படிவத்தில் நிரப்பப்பட்டவை, கோப்பிலிருந்து படித்தவை எல்லாம் எண் போலத் தோன்றும் சரங்கள். 0இல் தொடங்கி '10', '20' என்ற இரண்டைக் கூட்டினால் 30 வராது, '01020' வரும். உள்ளே வரும்போதே எண்ணாக மாற்றிவிடுங்கள்.

பணத்தைத் தசமத்தில் கூட்டுவது. 0.1, 0.2, 0.3 மூன்றையும் இடமிருந்து ரெட்யூஸ் செய்தால் 0.6000000000000001 வரும். அதே மூன்றையும் வலமிருந்து தொடங்கும் 'ரெட்யூஸ்ரைட்' கொண்டு கூட்டினால் 0.6 வரும். கணினி தசமங்களை இரும எண்ணில் வைத்திருப்பதால் ஒவ்வொரு கூட்டலிலும் மயிரிழை விலகல் நேரலாம். வரிசை மாறினால் விலகலும் மாறும். பணம் என்றால் பைசாவாக மாற்றி முழு எண்ணில் கூட்டி, காட்டும்போது மட்டும் ரூபாயாக்குங்கள்.

ஒவ்வொரு சுற்றிலும் கையை நகலெடுப்பது. 'கையை மாற்றாதே, புதுப் பட்டியல் உருவாக்கு' என்ற அறிவுரையைப் படித்துவிட்டு, ஒவ்வொரு குறிக்கும் மூன்று புள்ளி போட்டு முழுக் கையையும் புதுப் பட்டியலில் கொட்டி எழுதுகிறவர்கள் உண்டு. 1,000 உறுப்புகள் இருந்தால் இதற்கு மொத்தம் 4,99,500 நகல்கள் ஆகும். பத்து உறுப்பில் தெரியாது. உறுப்புகள் பெருகப் பெருகப் பக்கம் தடுமாறத் தொடங்கும். தொடக்கமாக நீங்கள் கொடுத்த வெற்றுப் பட்டியலை வேறு யாரும் பயன்படுத்தவில்லை. அதற்குள் தைரியமாகப் புஷ் செய்யலாம். வேறு இடத்திலிருந்து எடுத்த பட்டியலைத் தொடக்கமாகக் கொடுத்தால் மட்டும் அதைத் தொடாதீர்கள். அதன் சொந்தக்காரர் எங்கேயோ அதை நம்பிக்கொண்டிருப்பார்.

எந்தக் குழியில் விழுந்தீர்கள் என்று தெரியாதபோது ஒரு தாளை எடுத்து மூன்று நிரல்கள் போடுங்கள்: கையில் இருந்தது, வந்தது, புதுக் கை. முதல் மூன்று சுற்றுகளை எழுதினாலே போதும்.

வரிசையும் பகிர்வும்

வாக்கு எண்ணும் மையத்தில் ஒரு கூடத்தில் பொதுவாக 14 மேசைகள் போடுவார்கள். ஒவ்வொரு மேசையிலும் தனித்தனியாக எண்ணி, சுற்று முடிந்ததும் மேசைவாரித் தொகைகளைக் கூட்டுகிறார்கள். எந்த மேசை முதலில் முடித்தது என்பதால் முடிவு மாறாது. கூட்டலை எப்படித் துண்டு போட்டுச் செய்தாலும் விடை ஒன்றே என்பதால்தான் இது முடிகிறது.

ரெட்யூஸுக்குள் நீங்கள் எழுதும் விதிக்கும் இந்தப் பண்பு இருந்தால், பெரிய வேலையைப் பல கணினிகளுக்குப் பகிரலாம். கூகிளில் பணியாற்றிய ஜெஃப்ரி டீனும் சஞ்சய் கெமாவத்தும் 2004இல் வெளியிட்ட 'மேப்ரெட்யூஸ்' கட்டுரையின் அடிப்படை இதுதான். ஆயிரக்கணக்கான கணினிகள் தங்கள் தங்கள் பங்கைச் சுருக்கிக் கொடுக்க, சுருக்கங்கள் மீண்டும் சுருக்கப்படும். ஹடூப் போன்ற கருவிகள் அதன் வழியில் வந்தவை.

கழித்தலுக்கு இந்தப் பண்பு இல்லை. 10இலிருந்து 3ஐக் கழித்து, பிறகு 2ஐக் கழித்தால் 5. 3இலிருந்து 2ஐ முதலில் கழித்துவிட்டு, வந்ததை 10இலிருந்து கழித்தால் 9.

சராசரிக்கும் இல்லை, இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஒரு வகுப்பில் 20 பேர், சராசரி 60. இன்னொன்றில் 40 பேர், சராசரி 75. இரண்டு சராசரிகளையும் கூட்டி இரண்டால் வகுத்தால் 67.5. உண்மையான சராசரி 70: முதல் வகுப்பின் மொத்தம் 1,200, இரண்டாவதன் மொத்தம் 3,000, ஆக 4,200ஐ 60 பேருக்கு வகுக்க வேண்டும். எனவே கையில் சராசரியை வைத்துக்கொள்ளாதீர்கள். மொத்தம், எண்ணிக்கை என்ற இரண்டையும் ஒரு ஆப்ஜெக்டாகக் கையில் வையுங்கள். அவை தொல்லையில்லாமல் கூடும். வகுத்தலை ரெட்யூஸ் முடிந்தபின், வெளியே, ஒரே ஒருமுறை செய்யுங்கள். கையில் வைத்துக்கொள்வதும் கடைசியில் கேட்பதும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை என்பது பலருக்குத் தாமதமாகவே தோன்றுகிறது.

எப்போது வேண்டாம்

பைத்தானை உருவாக்கிய கைடோ வான் ராஸம் 2005இல் ரெட்யூஸை மொழியின் உள்ளிருப்பிலிருந்து எடுத்துவிட விரும்புவதாக எழுதினார். கூட்டல், பெருக்கல் தவிர வேறு எதற்காவது எழுதப்பட்ட ரெட்யூஸைப் பார்த்தால் தாளும் பேனாவும் எடுத்து வரைந்து பார்த்தால்தான் தமக்குப் புரிகிறது என்பது அவர் சொன்ன காரணம். 2008இல் வந்த பைத்தான் 3இல் அது 'ஃபங்க்டூல்ஸ்' என்ற தொகுதிக்குள் ஒதுங்கிவிட்டது. கூட்டலுக்கு 'சம்' இருந்தது. பெருக்கலுக்கு 2019இல் 'பிராட்' வந்தது.

அவர் சொன்னதில் பாதி எனக்கு உடன்பாடு. வேலைக்கென்றே ஒரு கருவி இருந்தால் அதைத்தான் எடுக்க வேண்டும். 'எல்லாரும் தேர்ச்சியா?' என்பதற்கு ஜாவாஸ்கிரிப்ட்டில் 'எவ்ரி' இருக்கிறது. அது முதல் தோல்வியிலேயே நின்றுவிடும், ரெட்யூஸ் கடைசி வரை நடந்துகொண்டே இருக்கும். சரங்களை ஒட்ட 'ஜாயின்' இருக்கிறது. உறுப்புகளைக் குழுவாகப் பிரித்து வைக்க 2024ஆம் ஆண்டுத் தர வரையறையில் 'குரூப்பை' வந்துவிட்டது. உள்ளே மூன்று நிபந்தனைகளும் கையில் நான்கு பொருள்களும் சேர்ந்துவிட்டால், சாதாரண ஃபார் மடக்காக எழுதுங்கள். படிப்பவர் உங்களை வாழ்த்துவார். ஆனால் விகடகவி போன்ற வேலையில், வந்ததைக் கையோடு ஒப்பிட்டு ஒட்டும் வேலையில், ரெட்யூஸ் மடக்கைவிட ஒன்றைக் கூடுதலாகச் சொல்கிறது: இங்கே மாறுவது இந்த ஒரு கை மட்டும்தான், தொடங்கியது இங்கே, முடிவது அங்கே. ஐம்பது வரி மடக்கில் அந்த உறுதி கிடைக்காது.

பயிற்சிக்கு

[2, 0, 2, 4] என்ற இலக்கங்களின் அணியை 2024 என்ற எண்ணாக்குங்கள். சரமாக்கி ஒட்டாமல், கணக்காகவே செய்ய வேண்டும். புது இலக்கம் வரும்போது கையில் இருக்கும் எண்ணுக்கு என்ன நேர்கிறது என்று யோசியுங்கள்.

'தேரு வருதே' என்பது இருபுறமும் ஒன்றாகப் படிக்கக்கூடியதா என்று சோதிக்கும் நிரலை எழுதுங்கள். இடைவெளி குறுக்கே நிற்கும்; அதை ரெட்யூஸுக்கு முன்பே அகற்றுவதா, உள்ளேயே கவனிப்பதா என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்.

மூன்றாவது, சற்றுக் கடினம். நாம் தொடங்கிய பாஸ்புக் பக்கத்தில் கடைசி இருப்பை மட்டும் கணக்கிட்டோம். இப்போது இருப்பு நிரல் முழுவதும் வேண்டும்: [17000, 13500, 12700, 12950]. கையில் பட்டியல் வைத்துக்கொண்டால், முந்தைய இருப்பு அதன் கடைசி உறுப்பாகக் கிடைக்கும், முதல் வரியைத் தவிர. முதல் வரி வரும்போது பட்டியல் காலி; 5000ஐ எங்கே வைப்பீர்கள்?